ஒரு வீட்டில் இரண்டு ராகு காலம்

பிள்ளைகளுக்கு: அத்தியாயம் 14

பாக்கியம் அக்கா கடையின் முன்பலகைகளில் ஒன்றே ஒன்றைத்தான் கழற்றியிருந்தார். அந்தச் சந்தில் அவரே நின்றார். இடது கை ஒரு பலகையில், வலது கை மறு பலகையில். என் கையில் சிலேட்டும் துணிப்பையும். வயிற்றில் அரைக் குவளை மரவள்ளிக் கஞ்சி.

"வழி விடுங்கக்கா. நேரமாயிடுச்சு."

"ஒம்போது அடிக்கட்டும் தம்பி. அப்புறம் போ."

"ஒம்போதுக்கு நான் அங்க வரிசையில நிக்கணும்க்கா!"

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்? இன்னிக்குத் திங்கக்கிழமை. ஏழரையிலேருந்து ஒம்போது வரைக்கும் ராகு காலம். இந்த வீட்டுலேருந்து ஒரு ஆளும் வெளிய கால் வைக்கக்கூடாது."

கல்லாவுக்குப் பின்னால் அக்காவின் கணவர் வைரவன் அண்ணன், புண்ணுக்குத் துணி சுற்றிய காலைக் காலி மண்ணெண்ணெய் டின்மேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். இடுப்பு மடிப்பிலிருந்து பாக்கெட் கடிகாரத்தை எடுத்தார். மூடியைத் திறந்தார்.

"மணி ஆறே முக்கால். ராகு காலத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் கெடக்கு. போறவன் தாராளமாப் போலாம்" என்றார். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொன்னார். மனைவியைப் பார்த்து அல்ல.

அவர் தலைக்கு நேர் மேலே சுவர்க் கடிகாரம் மாட்டியிருந்தது. அதில் எட்டேகால்.

நான் மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், வாசலைப் பார்த்தேன். பெண்பிள்ளையை இடித்துத் தள்ளிக்கொண்டு போக முடியுமா? நின்றேன். ஒன்பது அடித்தது. அக்கா விலகினார். ஒரே தாவலாக நிலையைத் தாண்டப் போனேன்.

"டேய், நில்லு!" என்றார் அண்ணன். "இப்பத்தான் ஏழரை. இப்பத்தான் ராகு காலமே பொறக்குது!"

நான் நிற்கவில்லை. ஓடினேன்.

### மகளின் கடிதம்

இதை இந்த வாரம் எழுத வைத்தவள் உங்கள் மூத்த அக்காள்தான். பல்கலைக்கழகத்துக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. நான்கு பக்கத்தில் கடிதம் போட்டிருக்கிறாள். விடுதியில் குழம்பு தண்ணீராக இருக்கிறதாம். அறையில் கூட இருக்கும் பெண் விளக்கை அணைக்காமல் படிக்கிறாளாம். பஸ் சொன்ன நேரத்துக்கு வருவதில்லையாம். கடைசியில் ஒரு வரி: "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா. நீங்கள் படிப்புக்காக ஊர் மாறியதே இல்லையே."

எனக்கு வந்த எரிச்சலில் கடிதத்தை மடிக்காமலே எழுந்துவிட்டேன். "நான் ஊர் மாறலியா? சுங்கைப் பட்டாணியில நான் படிச்சது படிப்பில்லியா?" என்று உங்கள் அம்மாவிடம் கேட்டேன்.

"அது மூணு வாரந்தானே" என்றாள் உங்கள் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே.

மூன்று வாரம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று வாரத்தில் எனக்கு ஏறிய எரிச்சல் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்களும் படியுங்கள், அவளுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

### கிராணி சொன்னது

கரங்கான் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டம் இருந்ததையும், சப்பான்காரன் வந்த பிறகு பால்மரம் சீவுவது நின்று கிழங்கு நடுவதே வேலையானதையும் முன்பே எழுதியிருக்கிறேன். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்த கதை உங்களுக்குத் தெரியும். லாரி வரும். தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி கையில் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கும். பெயர் படிப்பார். ஏறவேண்டும். அதுவரை போனவர்களில் ஒருவரிடமிருந்தும் ஒரு வரி வந்ததில்லை.

ஒரு நாள் கிராணி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அப்போது எனக்குப் பதினெட்டு நடந்தது.

"மாரிமுத்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரைக்கும் படிச்சவன் நீ. பட்டணத்துல சப்பான் பாசை சொல்லிக் குடுக்கிறாங்க. மூணு வாரம். கடைசியில பரீட்சை. தேறினா இங்கயே வாத்தியார் வேலை. நீ படிக்கிற வரைக்கும் உன் பேரை லிஸ்டுல ஏத்தமாட்டேன்."

"சரிங்க."

"தேறலன்னாலும் சரி, நடுவுல தள்ளிவிட்டாலும் சரி, அடுத்த லாரில உனக்கு எடம். அப்ப எங்கிட்ட வந்து அழுவக்கூடாது. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

அவ்வளவுதான் என்னுடைய கல்லூரி அனுமதி. என்னை வழியனுப்ப அம்மா ஒரு துண்டில் அவித்த கிழங்கு கட்டிக் கொடுத்தார். சைக்கிளுக்கு டயர் கிடையாது. ரப்பர் ஷீட்டைக் கயிறு போல முறுக்கிச் சக்கரத்தில் சுற்றியிருந்தோம். கல் தட்டினால் அது கழன்று பாம்பு மாதிரி தார்ச் சடக்கில் ஓடும். இறங்கி ஓடிப் பிடித்து மறுபடி சுற்றவேண்டும். எத்தனை முறை பிடித்தேன் என்பதை விட்டுவிடுகிறேன். பட்டணம் சேர்ந்தபோது நான் சைக்கிளில் வந்தேன் என்று சொல்வதைவிட சைக்கிள் என் தோளில் வந்தது என்று சொல்வது சரி.

தங்குவதற்குக் கிராணி ஏற்பாடு செய்திருந்த இடம் வைரவன் அண்ணன் கடை மாடி. பாக்கார் ஆராங் போகிற சடக்கில் அந்த மளிகைக் கடை. மளிகை என்று பெயர்தான். உப்பு, சீயக்காய், கொஞ்சம் கருவாடு, நிறைய காலி டின்.

### போலீஸ்காரனுக்கு ஓடுகிற கடியாரம்

நான் வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம். விடிந்தும் விடியாமலும் எழுந்து குளித்துக் கீழே வந்தேன். அக்கா கிணற்றடியில் இருந்தார். கடைக்குள் அண்ணன் மட்டும்.

சுவர்க் கடிகாரம் எட்டரை காட்டியது. எனக்குப் பதறியது.

"என்னத்துக்குப் பதறுறே? மணி ஏழு" என்று இடுப்புக் கடிகாரத்தைக் காட்டினார் அண்ணன்.

"மேல எட்டரைங்குதே?"

"அது போலீஸ்காரனுக்கு ஓடுற கடியாரம். நமக்கு இதுதான். உக்காந்து கஞ்சியைக் குடி."

தோட்டத்துப் பிள்ளை நான். எங்களுக்கு மணி என்பது வேலை வாங்குகிற மண்டோர் தொங்கவிட்ட இரும்பைத் தட்டுகிற சத்தம். அதைக் கேட்டதும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க நிற்போம். பால் இறங்குவது குளிர்ச்சி இருக்கிறவரைக்கும். வெயில் ஏறினால் நின்றுவிடும். மரத்துக்குத் தெரிந்த நேரம்தான் எங்களுக்கும் தெரியும். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இனி இங்கேயும் மணி, எல்லாக் கடிகாரத்தையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளவேண்டும் என்று ஒரு உத்தரவு வந்ததைக் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் தோட்டத்தில் யாரிடம் கடிகாரம் இருந்தது, தள்ளுவதற்கு?

கஞ்சியைக் குடித்தேன். தலை வாரினேன். அரை மணி முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டேன் என்ற பெருமையோடு பள்ளிக்கூட வாசலில் நுழைந்தேன். அங்கே மணி பத்து. எல்லோரும் இரண்டாவது பாடத்தில் இருந்தார்கள்.

பாடம் நடத்தியவர் ஒரு சப்பான்காரர். சென்செய் என்று கூப்பிடவேண்டும். வாத்தியார் என்று அர்த்தம். ஒல்லியான ஆள், பெரிய மூக்குக் கண்ணாடி. என்னை வரச் சொன்னார். வந்தேன். கன்னத்தில் ஒன்று வைத்தார். பிறகு வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார். மூன்று விரலைக் காட்டி, வாசலைக் காட்டினார். மூன்று வட்டம் விழுந்தால் வெளியே. அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திரும்பி வந்து அண்ணனிடம் கேட்டேன். "ஏண்ணே, பள்ளிக்கூடம் புது மணிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீ மணி என்னன்னு கேட்டே. நான் சொன்னேன். எந்த மணின்னு நீ கேக்கலியே?"

இப்படிப் பேசுகிறவரிடம் என்னத்தைச் சொல்வது?

### பட்டணத்து வாழ்க்கை

பட்டணம் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். எட்டரை மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். அதுவே ஒரு எரிச்சல். காலையில் திடலில் வரிசையாக நின்று வடகிழக்குப் பக்கம் குனிந்து அவர்கள் ராஜாவுக்குக் கும்பிடு. பிறகு ரேடியோவில் பியானோ சத்தத்துக்குக் கையைக் காலை ஆட்டுகிற பயிற்சி. கிழங்கு தின்ற வயிற்றோடு குதித்தால் என்ன சத்தம் வரும் என்பதை எழுத வேண்டாம் என்று உங்கள் அம்மா சொல்கிறாள்.

பள்ளிக்கூடம் போகிற வழியில், சடக்குச் சந்திப்பில் காவலுக்கு ஒரு சிப்பாய் நிற்பான். நின்று குனிந்து, பள்ளிக்கூடம் கொடுத்த துணி அடையாளத்தைச் சட்டையில் காட்டினால் விடுவான். அது இல்லாமல் என் வயதுப் பையன் அந்தப் பக்கம் போனால் லாரிக்கு நாமே கூப்பிட்டு ஆள் கொடுத்த மாதிரி.

மாடியில் என்னோடு தங்கியவன் சாமிக்கண்ணு. பக்கத்தில் திகாம் பத்து என்ற ஊர்க்காரன். என்னைப் போலவே படிக்க வந்தவன், ஆனால் பட்டணத்தில் முன்பே ஒரு வருடம் வேலை பார்த்தவன். மேதாவி. சனிக்கிழமை ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை அங்கிருந்தே நேராகப் பள்ளிக்கூடம் வந்துவிடுவான். அது ஏன் என்று எனக்கு அந்த முதல் திங்கட்கிழமைதான் புரிந்தது. இந்த அத்தியாயம் தொடங்கிய அந்தக் காலைதான். ஓடிப் போயும் ஒன்பதேகாலுக்குத்தான் சேர்ந்தேன். இரண்டாவது சிவப்பு வட்டம் விழுந்தது.

"இந்த வீட்டுல ரெண்டு ராகு காலம்னு ஏன்டா முன்னாடியே சொல்லல?" என்று அவன் சட்டையைப் பிடித்தேன்.

"சொன்னா நீ வேற எடம் பாத்துப் போயிருப்பே. அப்புறம் மாடியில எலியோட நான் ஒருத்தனா படுக்கிறதா?"

கணக்கை அவன்தான் விளக்கினான். ராகு காலம் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். சப்பான்காரன் கடிகாரத்தைத் தள்ளியதும் சரியாக ஒன்றரை மணி நேரம். ஆகவே அக்காவின் ராகு காலம் முடிகிற நிமிஷத்தில் அண்ணனின் ராகு காலம் ஆரம்பிக்கும். இடையில் ஊசி நுழைய இடம் கிடையாது. மற்றவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ராகு. இந்த வீட்டில் மட்டும் மூன்று மணி நேரம்.

அண்ணன் சொல்வார், "ராகு என்ன சப்பான்காரன்கிட்டச் சம்பளம் வாங்குறானா, அவன் சொன்னதும் மணியை மாத்திக்க?"

அக்கா அடுப்படியிலிருந்தே பதில் கொடுப்பார், "ஊர்ல எல்லாரும் எந்த மணிக்கு எழுந்திருக்காங்களோ, எந்த மணிக்குச் சாகிறாங்களோ, அதான் மணி. இடுப்புல முடிஞ்சு வச்சிருக்கிறதெல்லாம் மணியா?"

சாப்பாடும் அப்படியே. அக்கா சுவர் மணிக்குச் சமைத்து இறக்குவார். அண்ணன் தன் மணிக்குத்தான் வந்து உட்காருவார். ஒன்றரை மணி நேரம் ஆறிய கிழங்கைத் தின்றுவிட்டு, கல்லு மாதிரி இருக்கு என்பார். நடுவில் நான். யாரோடு உட்கார்ந்தாலும் மற்றவருக்குக் கோபம்.

வேறு இடம் பார்க்கவும் வழியில்லை. ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். பெயர் இல்லாதவன் ஒரு ராத்திரி தங்கினாலும் அந்த வீட்டுக்கு வம்பு. சாமிக்கண்ணு வீட்டுக்கும் அதனால்தான் போக முடியவில்லை.

இரண்டாவது திங்கட்கிழமை நான் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். அக்காவின் ராகு காலம் தொடங்கும் முன்பே, சுவர் மணி ஏழுக்கு, கும்மிருட்டில் கிளம்பினேன். சந்திப்புச் சிப்பாய் இருட்டில் வருகிறவன் யார் என்று கேட்கவில்லை. துப்பாக்கிக் கட்டையால் ஒரு இடி. பிறகு விடிகிறவரை இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நில் என்றான். நின்றேன். வட்டம் விழவில்லை, ஆனால் அன்று முழுவதும் பென்சில் பிடிக்க முடியவில்லை.

### தங்கராசு

அன்று மாலை கிணற்றடியில் என் தோளுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தவன் சாமிக்கண்ணு. நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பைத்தியக்கார வீடு என்றேன்.

"வாயைக் கழுவு" என்றான். எப்போதும் கிண்டல் பேசுகிறவன் குரல் தாழ்ந்திருந்தது. "அக்காவுக்குத் தங்கராசுன்னு ஒரு தம்பி. நீ படுக்கிற பாயி அவன் பாயிதான்."

நடந்தது இதுதான். நான் வருவதற்குச் சில வாரம் முன்பு, ஒரு திங்கட்கிழமை. சுவரில் எட்டு மணி. பசாரில் கருவாடு வந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அண்ணன், மச்சானைப் போய் வாங்கி வரச் சொன்னார். அக்கா, ராகு காலம் கழியட்டும் என்றார். அண்ணன் இடுப்புக் கடிகாரத்தைத் திறந்து பார்த்து, "மணி ஆறரைதான். ராகு காலத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. போய்ட்டு ஓடியாந்துடலாம்" என்றார். பையன் போனான். சந்திப்பில் லாரி நின்றது.

"அன்னிலேருந்து அக்கா திங்கக்கிழமை வாசல்ல நிக்குது. அண்ணன் அந்தக் கடியாரத்தை விட மாட்டேங்குறாரு. விட்டா என்ன அர்த்தம்? மச்சானை ராகு காலத்துல அனுப்புனது அவருன்னு ஆயிடும்லா."

"அவங்க இதைப் பத்திப் பேசிக்கிறதில்லியா?"

"பேரைக்கூடச் சொல்றதில்ல. மணி பத்தித்தான் சண்டை."

என் எரிச்சல் போய்விட்டது என்று எழுதினால் பொய். தோள் வலித்துக்கொண்டிருந்தது, இரண்டு வட்டம் விழுந்திருந்தது. ஆனால் அந்த எரிச்சலை இனி யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் போனது. அது இன்னும் மோசம்.

### பயணம் எடுத்து வைத்தது

பரீட்சை நாளை அறிவித்தார்கள். ஏழு நாள் இருக்கும் வாரத்தில் சப்பான்காரனுக்குக் கிடைத்தது திங்கட்கிழமை. காலை ஒன்பது மணி. வராதவனும் தாமதமாக வருகிறவனும் தேறாதவன்.

வீட்டில் சொன்னேன். கிராணி சொன்னதையும், லாரியையும் சேர்த்தே சொன்னேன். அதுவரை அதை அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. அண்ணன் கடிகாரத்தை எடுக்கவில்லை. அக்கா அடுப்பில் விறகைத் தள்ளினார்.

"பயணம் எடுத்து வச்சிருவோம்" என்றார் பிறகு.

உங்களுக்கு இது தெரியாது. கெட்ட நேரத்தில் கிளம்பியே ஆகவேண்டும் என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில் பயணச் சாமானை எடுத்துக்கொண்டு போய் வேறொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். அந்த நேரத்திலேயே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் எப்போது நடந்து போனாலும் அது பாதி வழியில் நடக்கிறதுதான். புறப்படுகிறது அல்ல.

நல்ல யோசனை. ஆனால் நல்ல நேரம் எது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுவதும் அந்த இரண்டு பேரும் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர் மணிக்கு எமகண்டம், இவர் மணிக்கு ராகு. கடைசியில் சுவர் மணி மூன்றிலிருந்து நாலரைக்குள் இரண்டு மணியிலும் கெடுதல் இல்லை என்று கண்டுபிடித்தார்கள்.

"உன் மணிக்கு அது குளிகை" என்றார் அண்ணன். "குளிகையில செஞ்சது திரும்பத் திரும்ப நடக்கும். தம்பி ஆயுசு பூரா பரீட்சை எழுதிக்கிட்டே இருப்பான்."

"எழுதட்டும். லாரில ஏறுறதுக்கு அது மேல்" என்றார் அக்கா.

அண்ணன் பஞ்சாங்கத்தை மூடினார்.

எதிர்ச் சாரியில் ஆ செங் என்ற சீனருடைய சைக்கிள் கடை. அங்கே வைப்பது என்று முடிவானது. ஒரு துண்டை வைத்தால் போதும் என்று நான் நினைத்தேன். அக்கா விடவில்லை. "சும்மா ஒரு துணியை வச்சா ராகுவை ஏமாத்துற மாதிரி. நெசமா தேவைப்படுற சாமானா இருக்கணும்." சிலேட்டு, பென்சில், துணி அடையாளம், எல்லாவற்றையும் பையில் போடவைத்தார். வைத்ததைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று வேறு சொன்னார். சுவர் மணி மூன்றரைக்கு நான் பையோடு சடக்கைக் கடந்தேன். ஆ செங் பையை வாங்கி ஆணியில் மாட்டினார். இந்தியர்களுடைய எத்தனையோ கூத்துகளைப் பார்த்தவர். ஒன்றும் கேட்கவில்லை.

### அந்தத் திங்கட்கிழமை

சுவர் மணி எட்டு. வெளுக்கத் தொடங்கியிருந்தது. அக்கா வாசலில் இல்லை. முன்பலகைகளில் மூன்றைக் கழற்றி வைத்திருந்தார். எனக்கே வழி பெரிதாகத் தெரிந்தது. கும்பிட்டுவிட்டுச் சடக்கைக் கடந்தேன்.

ஆ செங் கடை பூட்டியிருந்தது.

தட்டினேன், கூப்பிட்டேன், பலகைச் சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஆணியில் என் பை தொங்கியது. அதற்குள் என் அடையாளம். அது இல்லாமல் நான் சந்திப்பைத் தாண்ட முடியாது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் எட்டிப் பார்த்து, ரயில் நிலையத்துப் பக்கம் இன்று அரிசி போடுகிறார்கள், ஆ செங் இருட்டிலேயே வரிசைக்குப் போய்விட்டார், சாவி அவர் இடுப்பில் இருக்கிறது என்றார்.

திரும்பி ஓடி வந்து கடைக்குள் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. எல்லாம் உங்க ராகுவால வந்தது என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன். சுவர் மணி எட்டு பத்து.

"நான் போய்க் கூட்டியாரேன்" என்று அண்ணன் எழுந்தார். புண் பட்ட கால் தரையில் ஊன்றியதும் முகம் கோணியது. அப்படியே கல்லாவைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"வேணாம் பாக்கியம்" என்றார் அண்ணன். "ராகு காலம்."

அக்கா நிலையில் கை வைத்தபடி திரும்பினார்.

"எந்த மணிக்கு?" என்றார்.

அண்ணன் கை இடுப்பு மடிப்புக்குப் போய் அங்கேயே நின்றது. கடிகாரத்தை எடுக்கவில்லை.

"சுவர் மணிக்குத்தான்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "அன்னிக்கும் சுவர் மணிக்குத்தான்."

அக்கா அவரைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பரீட்சைக்கு ஓடவேண்டியவனுக்கே அது நீளமாகத் தெரியவில்லை. பிறகு நிலையைத் தாண்டி இறங்கி, ரயில் நிலையம் இருக்கும் பக்கம் வேகமாக நடந்தார். நடை ஓட்டமானது.

அண்ணன் கல்லாவை விட்டு, நாற்காலியைப் பிடித்து, பலகையைப் பிடித்து, ஒரு காலில் வாசல்வரை வந்தார். நின்றார்.

எட்டே முக்காலுக்கு ஆ செங் மட்டும் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"அக்கா எங்கே?" என்றார் அண்ணன். பாக்கியம் என்று சொல்லாமல் அக்கா என்றே கேட்டார்.

"வரிசையில. என் எடத்துல நிக்குது. சீக்கிரம்லா! அரிசி வாங்கணும், நான் போகணும்!" பூட்டைத் திறந்து பையை என்மேல் வீசினார்.

நான் ஓடினேன். அண்ணன் வாசலிலேயே நின்றதைத் திரும்பிப் பார்த்தபடி ஓடினேன்.

### மணி என்ன?

ஒரு செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. சந்திப்பில் குனிந்த குனிவில் முதுகு பிடித்துக்கொண்டது. ஒன்பது அடிக்கும்போது வரிசையின் கடைசியில் நின்றேன். சென்செய் பதிவேட்டைத் திறந்தார், என்னைப் பார்த்தார், என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார், பக்கத்தைத் திருப்பினார்.

எழுத்துப் பரீட்சை முடிந்து ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு வாய்மொழியாகக் கேட்டார்கள். மற்றவர்களிடம் உன் பெயர் என்ன, இது என்ன, அது என்ன என்று கேட்டவர், என் முறை வந்ததும் சுவரைக் காட்டி, இப்போது மணி என்ன என்று சப்பான் மொழியில் கேட்டார். படித்த பாடம் அத்தனை இருக்க இதையா கேட்பது? கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றே கால். சப்பான் மொழியில் சரியாகச் சொன்னேன். தலையசைத்தார். ஒரு மனுஷி அந்த வரிசையிலிருந்து வீடு திரும்பியிருப்பாளா என்ற கேள்விக்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் தேறினேன். அது பத்து நாள் கழித்துத் தெரிந்தது. கிராணி என் பெயரைப் பட்டியலில் ஏற்றவில்லை. தோட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு நான் எவ்வளவு குறைவாகச் சப்பான் மொழி சொல்லிக் கொடுத்தேன் என்பது வேறு கதை. தங்கராசு வரவில்லை. சப்பான்காரன் போன பிறகும் வரவில்லை.

மகளே, குழம்பு தண்ணீராக இருப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் நான் படிப்புக்காக ஊர் மாறவில்லை என்று இனி எழுதாதே.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் சாமிக்கண்ணு நேராகத் தன் ஊருக்குக் கிளம்பினான். நான் ஒற்றைச் செருப்போடு திரும்பினேன். தூரத்திலிருந்தே பார்த்தேன். அண்ணன் கடைக்கு வெளியே, சடக்கோரத்தில், காலி டின்மேல் உட்கார்ந்திருந்தார். காலைக் கட்டிய துணி புழுதியாக இருந்தது. கொஞ்ச தூரம் நடந்து பார்த்திருக்கிறார் போல.

"அக்கா வந்துட்டாங்களா அண்ணே?"

"உள்ள இருக்கா. ஆ செங் ரெண்டு கை அரிசி குடுத்தான்." பிறகு, "எழுதினியா?" என்றார்.

"எழுதினேன்."

கடைக்குள் எட்டிப் பார்த்தேன். அரிசி வேகிற வாசனை வந்தது. வாரக்கணக்கில் அந்த வாசனையை நான் முகரவில்லை. பாக்கெட் கடிகாரம் மூடியபடி கல்லாமேல் கிடந்தது. அடுப்படியில் மூன்று தட்டு வைத்திருந்தார் அக்கா. பக்கத்துப் பக்கத்தில்.

"சாப்பிட வாங்க, மணியாச்சு" என்றார்.

எந்த மணி என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.